பிள்ளைகள் என்றால் யார் யார்?

பத்திரம் எழுதும் வேலைக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்கள் வரைவைக் கையில் வாங்கியதும் பயப்படுவது 'சர்வ சுதந்திர பாத்தியதையுடன்', 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' மாதிரியான வார்த்தைகளைப் பார்த்துத்தான். இது என்ன சார், நாளைக்கு ஏதாவது சிக்கல் வருமா என்று அதிலேயே விரலை வைத்துக் கேட்பார்கள். நான் பார்த்த வரைக்கும் அந்த வார்த்தைகளால் யாரும் சண்டை போட்டுக்கொண்டதில்லை, முழு உரிமையோடு, மகன் பேரன் என்று தலைமுறை தலைமுறையாக என அவற்றின் பொருள் எப்போதோ உறைந்து போய்விட்டது. சண்டை வந்ததெல்லாம் வீட்டில் தினமும் புழங்குகிற, புரியவில்லை என்று யாருமே சொல்லாத வார்த்தைகளில்தான்.

வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் ஒரு பெரியவருக்கு உயில் எழுதினேன். "என் காலத்துக்கு அப்புறம் பிள்ளைங்க சரிசமமா பிரிச்சுக்கட்டும்" என்றார். நானும் 'என் பிள்ளைகள் சம பாகமாகப் பிரித்துக்கொள்ள வேண்டியது' என்று அடித்துக் கொடுத்தேன். இரண்டு சாட்சி கையெழுத்து, பதிவு, எல்லாம் ஒழுங்கு. அவர் காலமாகி ஒரு வருடம் கழித்து அவருடைய மகள் உயில் நகலோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அண்ணன்கள் இரண்டு பேரும் 'பிள்ளை என்றால் ஆண் பிள்ளை, அப்பா அப்படித்தான் பேசுவார்' என்கிறார்களாம். அப்பா அப்படித்தான் பேசுவார் என்பது உண்மை. எங்கள் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் "ரெண்டு பிள்ளை, ஒரு பொண்ணு" என்றுதான் பதில் வரும். வேறு பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் 'அந்தப் புள்ள' என்று பெண்ணைத்தான் சொல்வார்கள். இரண்டுமே தமிழ்தான். உயிலுக்குச் சட்டச் சொற்கள் எதுவும் தேவையில்லை, எழுதியவரின் எண்ணம் தெரிந்தால் போதும் என்று 1925 வாரிசுரிமைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் எண்ணத்தைச் சொல்ல வேண்டியவர் உயிரோடு இல்லையே. "நீங்கதானே எழுதினீங்க, அப்பா என்னைச் சேர்த்துச் சொன்னாரா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க" என்று அந்த அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. மூன்று பேர் பெயரையும் வரிசையாக எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் 'பிள்ளைகள்', 'வாரிசுகள்' என்று மொட்டையாக எழுதுவதே இல்லை. பெயர், வயது, யாருடைய மகன், யாருடைய மகள் எல்லாம் வந்தாக வேண்டும்.

இன்னொரு வார்த்தை 'குடியிருந்து வருவது'. வீட்டை மகனுக்குச் செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்குச் சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம், எழுதும்போது அம்மாவுக்காக 'ஜீவிய காலம் வரை குடியிருந்து கொள்ள வேண்டியது' என்று ஒரு வரி போடுவார்கள். மாடியை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகை யாருக்கு? குடியிருப்பது வேறு, வருமானத்தை அனுபவிப்பது வேறு என்பான் மகன். வீடே என்னுடையதுதானே, வாடகை மட்டும் எப்படிப் போகும் என்பார் அம்மா. எழுதும் அன்றைக்குக் கேட்டிருந்தால் இருவருமே சிரித்துக்கொண்டு ஒரு பதில் சொல்லியிருப்பார்கள். அதனால் வாடகை யார் கைக்குப் போகும் என்று தனியாக ஒரு வரி கேட்டு எழுதிவிடுகிறேன்.

ஆனால் இப்போது என்னை அதிகம் யோசிக்க வைப்பது 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்கிற வரி. ஏறக்குறைய எல்லா செட்டில்மென்ட் பத்திரத்திலும் அது இருக்கும், பழைய வரைவிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவோம். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், கொடுத்தவர் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு அதைச் செல்லாததாக்கலாம். அப்படியானால் நிபந்தனை எங்கே இருக்க வேண்டும்? பிரியத்தினால் கொடுத்தேன் என்றாலே பார்த்துக்கொள்வாய் என்று நம்பித்தானே, என்பார்கள் பெற்றவர்கள். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பெற்றோர் எதையும் எதிர்பார்க்காமல் பாசத்தினாலும் கொடுப்பதுண்டு, ஆகவே நிபந்தனை இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம், இது மூத்தவர்களின் நலனுக்காக வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, மகன் தனியாக எழுதிக் கொடுத்திருந்த உறுதிமொழியையும் சேர்த்துப் பார்த்து அம்மாவின் பக்கம் தீர்த்தது. இரண்டையும் படித்த பிறகு எனக்கு ஒன்றுதான் தோன்றியது. எழுபது வயதில் ஒருவர் தன் ஒரே வீட்டை எழுதிக் கொடுக்கும்போது, நீதிமன்றம் எந்தப் பொருளை எடுக்கும் என்கிற நிலையில் அவரை விடக் கூடாது. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எழுதச் சொன்னால் சங்கடப்படுகிறார்கள். பெற்ற மகனிடம் போய் நிபந்தனையா என்று அம்மாக்களே கேட்பார்கள். அதனால் நான் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "காய்ச்சல் வந்தா யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்கம்மா? மாத்திரைக் காசு யாரு கொடுப்பா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, அப்புறம் அதை வீட்டுத் தமிழிலேயே திரும்பச் சொல்லிக் காட்டுவேன். போன மாதம் வந்த ஒரு பாட்டி எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தவர், 'மேற்படி வீட்டில் குடியிருந்து' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "கீழ் வீட்டுலன்னு போடு தம்பி. இந்த முட்டியை வச்சுக்கிட்டு மாடி ஏற என்னால ஆகாது." நான் மகனைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா சொன்ன மாதிரியே போட்டுடுங்க சார்" என்றார்.