வெளிச்சுவரே இல்லாத ரூமுக்கு ஏசி

போன சித்திரையில அப்பாவுக்கு ரெண்டு ராத்திரி சுத்தமா தூக்கம் இல்ல, மூணாவது நாள் காலைல பல்லு தேய்க்கப் போனவரு தலை சுத்தி கெணத்தடியிலயே உக்காந்துட்டாரு. டாக்டர் பாத்துட்டு பயப்பட ஒண்ணுமில்ல, 77 வயசுக்கு இந்த வெயில் தாங்காது, ராத்திரியாவது குளுமையா படுக்கச் சொல்லுங்கன்னாரு. சென்னையிலேர்ந்து பஸ் புடிச்சு வந்த வேகத்துல, ஏசி போட்டுட்டுதான் திரும்பிப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். மூணு நாள் லீவு போட்டிருந்தேன். ஆனது மூணு வாரம்.

எங்க வீடு கும்பகோணத்துல தாத்தா 1938-ல கட்டினது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், காமரா உள்ளு, சமையக்கட்டு, கொல்லைன்னு ரயில் பெட்டி கணக்கா ஒண்ணு பின்னாடி ஒண்ணா போகும். வாசப்படியில நின்னா கொல்லைக் கெணறு தெரியும், அப்படித்தான் காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு இன்னொரு பக்கம் போற மாதிரி கட்டியிருக்காங்க. இதுல அப்பா படுக்குறது காமரா உள்ளுல. கடைக்காரன் மொதல்ல கேட்டது "அவுட்டோர் யூனிட் எந்தச் சுவத்துல மாட்டணும் சார்?" அப்பதான் எனக்கே உறைக்குது, அந்த ரூமுக்கு வெளிச்சுவர்னு ஒண்ணு கெடையவே கெடையாது. ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டோட பொதுச்சுவர், ஒரு பக்கம் கூடம், ஒரு பக்கம் சமையக்கட்டு. இத்தன வருஷம் அந்த வீட்டுல வளந்தவன் நான், கவனிச்சதே இல்ல.

சரி, எத்தன டன்? கடைக்காரன் நீளம் அகலம் கேட்டான், 12-க்கு 14ன்னேன், ஒரு டன் போதும்னுட்டான். ஒசரத்தைக் கேக்கவே இல்ல. இப்ப கட்டுற ஃப்ளாட்டெல்லாம் பத்தடி, எங்க ரூமு பதிமூணரை. ரூமை ஒரு டப்பாவா நெனச்சுப் பாத்தா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காத்து கூட இருக்கு. ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கொறச்சிடலாம்னு ஒரு யோசனை சொன்னாங்க, அப்பா அண்ணாந்து கட்டைய பாத்தாரு, என்னைப் பாத்தாரு, ஒண்ணுமே சொல்லல, அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது. மேல இருக்குறது மெட்ராஸ் டெரஸ், தேக்குக் கட்டை வரிசையா போட்டு அதுக்கு மேல செங்கல்ல குத்துக்கல்லா சாய்ச்சு சுண்ணாம்புல அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்டு தட்டோடு பதிச்சது. அத மறைக்க எனக்கும் மனசு வரல. ஒன்றரை டன்னுன்னு முடிவாச்சு.

இந்த டன்னுன்னா மெஷினோட வெயிட்டுன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருகுறதுக்கு எவ்ளோ சூட்ட இழுக்குமோ அவ்ளோ சூட்ட ரூம்லேர்ந்து எடுக்குற சக்திதான் ஒரு டன். சென்னை பீச் ரோட்டுல இப்ப விவேகானந்தர் இல்லம்னு இருக்குதே, அது 1842-ல அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டிய வைக்கக் கட்டின ஐஸ் ஹவுஸு. அப்பாகிட்ட சொன்னேன், "அதுக்குக் கரண்ட் வேணாமே"ன்னாரு.

கரண்டுதான் அடுத்த பூதம். எலெக்ட்ரிஷியன் அண்ணன் வந்து மெயின் போர்டைத் திறந்தாரு, பீங்கான் ஃபியூஸ் கேரியரைப் புடுங்கி வெளிச்சத்துல தூக்கிக் காட்டினாரு. ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய எடத்துல நல்லா தடியா ஒரு காப்பர் கம்பி, நாலு சுத்து. யாரோ ஒரு புண்ணியவான், அடிக்கடி ஃபியூஸ் போவுதேன்னு, போகவே போகாத மாதிரி கட்டி வச்சிருக்கான். "இதுல ஏசி போட்டீங்கன்னா வீடு போவும், ஃபியூஸு போவாது தம்பி"ன்னாரு. அந்தப் புண்ணியவான் யாருன்னு அம்மாவுக்குத் தெரியும்னு நெனக்கிறேன், அப்பா பக்கம் ஒரு பார்வை பாத்தாங்க. மரச்சட்டத்துக்குள்ள ஓடுற பழைய வயரிங், மூடிய நெம்பி எடுத்தா உள்ள ரப்பர் வயரு, விரலால தொட்டா தேன்குழல் மாதிரி உதிருது. இவ்ளோ நாள் இதுலதான் மிக்சி ஓட்டிருக்கோம்.

அதனால மெயின்லேர்ந்து ஏசிக்குன்னு தனியா நாலு எம்எம் வயர் இழுத்து, லோடு மீறினா தானா விழுற எம்சிபி சுவிட்ச் ஒண்ணும் தனியா போட்டு, ஈபியில லோடு ஏத்த எழுதிக்குடுத்து, கொல்லையில புதுசா எர்த் குழி தோண்டினோம். உப்பு ஒரு மூட்டை, அடுப்புக்கரி ஒரு மூட்டை வேணும்னு அண்ணன் கேட்டதும் அம்மா, "என்னடா, திருஷ்டி கழிக்கவா?"ன்னாங்க. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல எங்க தெருவுல வோல்டேஜ் 180-க்கு எறங்கும், அதனால ஸ்டெபிலைசரும் ஒண்ணு.

இனிமேதான் சுவரு. காமரா உள்ளுக்கும் கூடத்துக்கும் நடுவுல பைப் போக ஒரு ஓட்டை வேணும், சுவரு பதினெட்டு அங்குலம். கடையிலேர்ந்து வந்த பையன்கிட்ட இருந்த டிரில் பிட்டு பாதி வரைக்கும்தான் போச்சு. சரின்னு கூடத்துப் பக்கமா போய் அங்கேர்ந்து ஒண்ணு போட்டான். ரெண்டும் உள்ள சந்திக்கவே இல்ல. மூணு அங்குலம் தள்ளிப் போயிருக்கு. டார்ச் அடிச்சு எட்டிப் பாக்குறான், பழைய செங்கப்பொடியும் சுண்ணாம்பும் அருவி மாதிரி கொட்டுது, ஒரே நெடி, அப்புறம் பொறுமை போயி உளியால நாலு போடு போட்டான் பாருங்க, தாம்பாளம் சைசுக்கு காரை பேந்து அப்படியே கட்டில் மேல விழுந்துச்சு. அப்பா வாசத் திண்ணைக்கு எழுந்து போயிட்டாரு. பையனை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, அவன் பழகினதெல்லாம் ஒம்போது அங்குல சிமெண்ட் சுவரு, ஆனா அந்தக் கடைக்குப் போன் பண்ணா "பழைய சுவருக்கு நாங்க பொறுப்பில்ல சார்"னு வச்சிட்டாங்க.

அப்புறம் ஒரு வயசான கொத்தனாரைத் தேடிப் புடிச்சோம். சிமெண்ட் பூசினா இந்தச் சுவத்தோட ஒட்டாது, கொஞ்ச நாள்ல அப்பளமா தனியா வந்துடும்னு சொல்லி சுண்ணாம்பு ஊற வச்சு, கடுக்காய்த் தண்ணி விட்டு, மூணு நாள் எடுத்து அடைச்சாரு. பைப்பு கூடத்து வழியா முற்றத்து ஓரமா ஏறி மொட்டை மாடிக்குப் போச்சு, கம்பெனி குடுத்த பத்தடி எந்த மூலைக்கு, இன்னும் பதினாறடி வாங்கினோம். அவுட்டோர் யூனிட்ட கட்டைக்கு நடுவுல வைக்காம சுவத்துக்கு நேர் மேல ஸ்டாண்ட் அடிச்சு வச்சோம். கடைசியில பைப்புக்குள்ள இருக்குற காத்த உறிஞ்சி எடுக்குற வாக்கும் பம்ப்ப அந்தப் பையன் கொண்டு வரல, "கேஸ கொஞ்சம் வுட்டு ஏர் தள்ளிடலாம் சார்"ங்குறான். உள்ள இருக்குற கேஸு ஆர் 32, தீ பிடிக்கக்கூடியது, அதை வீட்டு முற்றத்துல திறந்து விடுறதா? பம்ப் இல்லாம வராதேன்னு அனுப்பிட்டேன், அதுல இன்னும் ரெண்டு நாள்.

மொத நாள் ராத்திரி ஆன் பண்ணோம், ரூம் குளுமையாக ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பகலெல்லாம் சூடு குடிச்ச அந்தச் சுவரு ராத்திரி பூரா அத வெளிய விடும், ஏசி மொதல்ல சுவத்தோட சண்டை போடணும். ரெண்டாம் நாள் சீக்கிரமே ஆயிடுச்சு. 2020-லேர்ந்து வர்ற ஏசியெல்லாம் ஆன் பண்ணதும் 24-லதான் நிக்கும், அப்பா அத உடனே 28-க்கு ஏத்தி ஃபேனையும் போட்டுக்குறாரு, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா ரேட்டு மாறிடும்னு பில்லு அட்டைய கையில வச்சுக்கிட்டு கணக்கு. அம்மா அந்த ரூம்ல படுக்குறதே இல்ல, ரேழியிலதான். ஆனா டிரெயின் பைப்புக்கு அடியில பக்கெட் வச்சு விடிஞ்சதும் அந்தத் தண்ணிய முற்றத்து மல்லிக்கு ஊத்துறாங்க.

குளுமை வெளிய போகக்கூடாதுன்னு மேல இருந்த ரெண்டு வெண்டிலேட்டரையும் அக்ரிலிக் ஷீட் வச்சு ஸ்க்ரூ போட்டு அடைச்சிருந்தோம், கதவு இடுக்குல ஃபோம் பட்டை. போன வாரம் ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போச்சு, வர நாலு மணியாச்சு. 85 வருஷத்துக்கு மேல கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் மூச்சு விட்டுக்கிட்டிருந்த ரூமு, அரை மணி நேரத்துல இட்லிப் பானை ஆயிடுச்சாம், அப்பா தலகாணிய தூக்கிக்கிட்டு ரேழிக்கு வந்து அம்மா பக்கத்துல பாய் போட்டுப் படுத்திருக்காரு. மறுநாள் காலைல போன்ல மொத வார்த்தையே, "அந்தக் கண்ணாடிய கழட்டுறதுக்கு ஆள் அனுப்புடா."

கழட்ட வேணாம்ப்பா, கீல் போட்டு கயிறு இழுத்தா தொறக்குற மாதிரி பண்ணிடலாம்னு கார்ப்பெண்டர்கிட்ட சொல்லிருக்கேன். வியாழக்கிழமை வரேன்னாரு. இன்னிக்கு சனிக்கிழமை, போன் எடுக்க மாட்டேங்குறாரு.