செங்கோட்டை பழைய ஹோட்டல் கட்டடம்: அட்டை மாதிரியில் கீழ்த்தளம் முடிந்தது

செங்கோட்டையில் ரயிலடிப் பக்கம் நிற்கும் பழைய ஹோட்டல் கட்டடத்தை 1:50 அளவில் அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். கீழ்த்தளமும் முன்பக்கத் தாழ்வாரமும் முடிந்துவிட்டன. மாடி பாதியில் நிற்கிறது.

கீழே சாப்பாடு, மேலே தங்கும் அறைகள் என்று ரயிலை நம்பிக் கட்டிய இடம் இது. 1904-ல் புனலூர் மலை ரயில்பாதை திறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது, எல்லை ஆரியங்காவுப் பக்கம் போய்விட்டது. அப்புறம் கீழே லாரி புக்கிங் ஆபீஸ், மேலே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். இப்போது கீழே மொபைல் கடை. மாடியைக் குற்றால சீசனுக்கும் ஐயப்பன் சீசனுக்கும் அறை அறையாக வாடகைக்கு விடுகிறார்கள்.

முதலில் கட்டியபடிதான் செய்ய வேண்டும் என்று மாடல் செய்யும் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அங்கே டைப் அடித்துப் பழகி வேலைக்குப் போன அக்காமார்களுக்கு அது என்றைக்குமே ஹோட்டல் இல்லை. அதனால் ஒவ்வொரு காலத்துச் சுவரையும் கழற்றி மாட்டுகிற மாதிரி, சின்னக் காந்தம் வைத்துச் செய்கிறேன்.

எந்தச் சுவர் எந்தக் காலம் என்பதை டேப்பே சொல்லிவிடுகிறது. நிலைப்படி பக்கத்தில் அளந்தால் ஆதிச் சுவர்கள் ஒன்றரைச் செங்கல் கனம், ஏறக்குறைய 35 செ.மீ. மாதிரியில் 7 மி.மீ. ஐந்து மி.மீ. சன்போர்டோடு (லேசான நுரைப்பலகை) இரண்டு மி.மீ. அட்டையை ஒட்டினால் சரியாக வந்துவிடும். லாரி ஆபீஸ் காலத்துத் தடுப்புகள் நாலரை இஞ்சுச் சுவர்; அதற்கு இரண்டு மி.மீ. அட்டை மட்டும் போதும்.

கீழ்க்கூடத்தில்தான் அதிக நேரம் செலவழித்தேன். சிவப்பு ஆக்சைடு தரையின் குறுக்கே ஒரு சாம்பல் சிமென்ட் பட்டை ஓடுகிறது. அந்த இடத்தில் இரண்டு பந்திகளைப் பிரித்த சுவர் நின்றது. ஒரு பக்கம் பிராமணர்கள், மறுபக்கம் மற்றவர்கள். தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில்கூட அந்தப் பிரிவினை 1941-ல்தான் ஒழிந்தது. இங்கே சுவர் எப்போது போனது என்று லாரி ஆபீஸில் வேலை பார்த்த அண்ணாச்சியிடம் கேட்டேன். "நாங்க வந்த பொறவுதான் தம்பி இடிச்சது. மூட்டை எறக்க எடம் பத்தல, அதான்" என்றார். அந்தச் சுவரை மாதிரியில் விட்டுவிட மனம் வரவில்லை. தனித் துண்டாகச் செய்து, எடுத்தால் கீழே சாம்பல் பட்டை தெரியும்படி வைத்திருக்கிறேன்.

கல்லா மேசையையும் செய்தேன். அதன் இழுப்பறையில் இரண்டு தடுப்பு: ஒன்று பிரிட்டிஷ் காசுக்கு, இன்னொன்று திருவிதாங்கூர்க் காசான சக்கரத்துக்கு. ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். சுண்டு விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய மேசையில் அந்தத் தடுப்பை ஊசிமுனையால் கீறித்தான் காட்ட முடிந்தது.

தாழ்வார ஓட்டுக்குக் களிமண், பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் பார்த்துவிட்டு, நெளிவு சிறிதாக உள்ள பெட்டி அட்டைக்கு வந்தேன். மேல்தாளை ஈரத்துணியால் ஒற்றி உரித்தால் உள்ளே இருக்கும் நெளிவு அப்படியே மங்களூர் ஓட்டு வரி. நிஜ ஓடு ஏறக்குறைய 41 செ.மீ. நீளம், மாதிரியில் 8 மி.மீ. 8 மி.மீ. பட்டைகளாக வெட்டி, கீழிருந்து மேலாக, 2 மி.மீ. ஏற்றி ஒட்ட வேண்டும். பெவிகாலில் தண்ணீர் கூடினால் நெளிவு படிந்துவிடும், கெட்டியாகவே தொடுங்கள். காவிப்பொடியோடு துளி கறுப்பு சேர்த்தால் மலையோர மழையில் பாசி பிடித்த நிறம் வருகிறது.

மாடியில் டைப்ரைட்டிங் காலத்துக்குச் சுவரே வேண்டியதில்லை. அறைத் தடுப்புகளை எடுத்துவிட்டு ஒரே கூடமாக வைத்திருந்தார்கள். மேசைக் கால் அழுந்திய பள்ளங்கள் மட்டும் தரையில் வரிசையாக உண்டு. அவற்றைக் காலி ரீபில் முனையால் பதித்துவிட்டேன். இப்போதைய சீசன் அறைகள் 12 மி.மீ. பிளைவுட் தடுப்பு. 1:50-ல் அது கால் மி.மீ.தான், அட்டையே கிடையாது. விசிட்டிங் கார்டை வெட்டி நிறுத்திப் பார்க்கிறேன். மழைக்காற்று பட்டால் வளைகிறது. இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்துக் காயவைத்திருக்கிறேன். அது நின்றால் அடுத்தது மாடிப்படி.