ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

பனிக்காட்டு நடுவே ஒரு மரவீடு, கணகணவென்று எரியும் கணப்பு, கம்பளிப் போர்வை, கையில் சூடான கோப்பை. இப்படிப்பட்ட படங்களைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் மனசு ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறது.

வட அமெரிக்காவில் சிக்கடீ என்று ஒரு குருவி. எடை 10 கிராம் சொச்சம். பகலில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் ராத்திரியைக் கடத்தும். அதுவும் போதாமல் உடல் வெப்பத்தை வழக்கமான அளவைவிடச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொள்ளும். விடிந்ததும் பார்த்தால் இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, பஞ்சு உருண்டை மாதிரி கிளையில் உட்கார்ந்திருக்கும். எப்படித்தான் தாங்குகிறதோ!

மான்கள் பாவம். இலையுதிர் காலத்தில் ஏறிய கொழுப்பு இப்போது கிட்டத்தட்ட காலி, சுள்ளியும் மொட்டும்தான் சாப்பாடு. அழகாக இருக்கிறதே என்று நாயோடு கிட்டே போய்விடாதீர்கள். ஆழமான பனியில் மிரண்டு ஓடினால், மிச்சமிருக்கும் தெம்பும் போய்விடும்.

அப்புறம் வட அமெரிக்காவிலேயே பெரிய கொம்பு ஆந்தை. பல இடங்களில் பிப்ரவரியிலேயே அடைகாக்கத் தொடங்கிவிடும். முதுகில் பனி படிந்தாலும் அசையாமல் கிடக்கும். வயிற்றுக்கடியில் முட்டைகள் மட்டும் கதகதப்பாக.