வெப்சைட் செய்யக் கொடுக்கும் முன்

சின்னதாகத் தொழில் நடத்தும் நண்பர்கள் வெப்சைட் என்றதும் "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். "அடுத்த வருஷம் எவ்வளவு?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) வாடகை மாதிரி, காலம் முடிந்தால் திரும்பக் கட்ட வேண்டும். பல இடங்களில் முதல் வருஷம் தள்ளுபடி, புதுப்பிக்கும்போது விலை ஏறிவிடும்.

அதைவிட முக்கியம், டொமைன் யார் பெயரில் பதிவாகிறது என்பது. எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தளம் செய்துகொடுத்தவர் தன் சொந்த ஈமெயிலில் பதிந்துவிட்டார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் எல்லாம் அந்த ஈமெயிலுக்கே போயிருக்கிறது, யாரும் பணம் கட்டவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் தளமே இல்லை. பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் அச்சாகியிருந்தது. மனுஷர் கலங்கிப் போய்விட்டார்.

வெப்சைட் உருவாக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003-லிருந்து இலவசம். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்க உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் சும்மாவே தருகிறது. ஆகவே கொட்டேஷனில் இவற்றுக்கெனத் தனித்தொகை இருந்தால் எதற்கு என்று கேட்கலாம். வேலைக்கான கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை, அது நியாயமாகப் போய்ச் சேர வேண்டும்.

நல்ல படங்களுக்கும் எழுத்துக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள். பாதி வேலை தள்ளிப்போவது நாம் இவற்றைக் கொடுக்காததால்தான். பணத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள். கடைசித் தவணை, எல்லா பாஸ்வேர்டும் கைக்கு வந்து, நீங்களே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பிறகு.