எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள்

ஊரிலிருந்து வரும் நண்பர்கள் பியர் பாட்டிலைக் கையில் எடுத்ததும் தேடுவது ஆல்கஹால் சதவீதத்தைத்தான். ஐந்துக்குக் கீழே என்றால் முகம் வாடிவிடும். டாஸ்மாக்கில் ‘ஸ்ட்ராங்’ வாங்கிப் பழகியவர்கள். குறை சொல்ல முடியாது. வேலைக்காக பிரஸ்ஸல்ஸ் வந்தபின் நான் முதலில் பார்ப்பது தேதியை. எப்போது பாட்டிலில் அடைத்தார்கள் என்று தெரியாமல் ஒரு பியரை இன்னொன்றோடு ஒப்பிடுவது வீண்வேலை.

என் கணக்கில் முதலிடம் ஓர்வாலுக்கு. பெல்ஜியத்தின் தெற்கே, பிரெஞ்சு எல்லையை ஒட்டிய, டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் அது. இடிந்து கிடந்த மடத்தை மீண்டும் கட்டப் பணம் வேண்டியிருந்ததால் 1931இல் பியர் ஆலை தொடங்கினார்கள். வெளியே விற்பது ஒரே வகைதான். லேபிளில் வாயில் மோதிரம் கவ்விய மீன். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டையும் சேர்க்கிறார்கள். திராட்சை மது தயாரிப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே நடுங்குவார்கள், பீப்பாய்க்குள் புகுந்தால் மதுவைக் கெடுத்துவிடும் என்று. ஓர்வாலில் அதற்கு நேர்மாறு. மிச்சமிருக்கும் சர்க்கரையை அது மாதக்கணக்கில் மெல்லத் தின்றுகொண்டே இருக்கும். புதிய பாட்டிலில், பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் வாசனையும் நல்ல கசப்பும் முன்னால் நிற்கும். ஓராண்டு கழிந்தால் கசப்பு அடங்கி, தோல் பையைத் திறந்தாற்போன்ற ஒரு மணம் எழும். நாக்கில் இனிப்பே மிஞ்சாது. லேபிளில் 6.2 சதவீதம் என்று இருக்கும், உள்ளே அதுவும் சற்றுக் கூடியிருக்கும். சில மதுக்கடைகளில் ‘இளசா, பழசா’ என்று கேட்டே கொடுக்கிறார்கள். நான் பழசு கட்சி. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துக் குடித்துப் பார்க்காமல் யாரும் கட்சி சேர வேண்டாம்.

கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980இல் தொடங்கிய சியரா நெவாடா ஆலையின் பேல் ஏல் என்ற பியருக்கு இந்தப் பொறுமை எதிரி. அதன் உயிர் காஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை. பம்ப்ளிமாஸ் தோலைக் கீறியதுபோல வாசனை வர வேண்டும். வெயில் விழும் அலமாரியில் கிடந்த ஒரு பாட்டிலை இங்கே வாங்கினேன். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடைதான் வந்தது. அது பழசானதன் வாடை. ஒளி செய்யும் கேடு வேறு: ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமெடுக்கும், பச்சை பாட்டில் என்றால் இன்னும் மோசம்.

செக் நாட்டின் பில்சன் நகருக்குப் போய்த்தான் குடிக்க வேண்டும் என்று நான் சொல்வது பில்ஸ்னர் உர்க்வெல். 1842இல் யோசப் கிரோல் என்ற பவேரியாக்காரர் அங்கே பொன்னிற பியரைக் காய்ச்சினார். இன்று உலகெங்கும் விற்கும் மஞ்சள் பியர்களில் பெரும்பாலானவை அதன் தூரத்து உறவினர்கள், பலவற்றுக்கு அது நினைவில்லை. ஆலையின் நிலவறையில் ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாமல் பிடித்துக் கொடுப்பார்கள். சதவீதம் 4.4 மட்டுமே. அந்த நுரையும், சாட்ஸ் ஹாப்ஸின் மென்கசப்பும் பாட்டிலில் முழுதாக வந்து சேர்வதில்லை.

பிரஸ்ஸல்ஸின் கான்டிலான் ஆலை இன்னொரு துருவம். கொதித்த தானியச் சாற்றை மாடியில் அகன்ற செப்புத் தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். காற்றில் மிதக்கும் ஈஸ்ட் தானாக வந்து இறங்கும். வெயில் காலத்தில் கெடுக்கும் கிருமிகளும் சேர்ந்து இறங்கிவிடும், அதனால் குளிர்காலத்தில்தான் காய்ச்சுவார்கள். ஹாப்ஸைக்கூட வேண்டுமென்றே பழசாக்கிக் கசப்பை நீக்கிவிடுகிறார்கள், கெடாமல் காக்கும் குணம் போதுமாம். ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு பீப்பாய்களில் இருப்பதைக் கலந்தால் கூஸ் என்ற பியர். சுள்ளென்ற புளிப்பு. எனக்கு மிகவும் பிடிக்கும், ஒரு கோப்பைக்கு மேல் முடியாது.

இலங்கையின் லயன் ஸ்டவுட்டை இந்த வரிசையில் வைத்தால் இங்குள்ளவர்கள் புருவம் உயர்த்துகிறார்கள். பெல்ஜிய பியரை உலகுக்குச் சொன்ன மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், பியர் எழுத்தாளர்) அதையும் மனமாரப் புகழ்ந்தவர் என்றால் அடங்கிவிடுகிறார்கள். 8.8 சதவீதம், கறுத்த நிறம், காபியும் சாக்லேட்டும் கலந்த சுவை. ஐஸில் புதைத்துக் குடித்தால் ஒன்றும் தெரியாது. குளிர் விடும்வரை மேசையில் வைத்திருங்கள். காரக் கறி அதற்குத் துணையல்ல. கருப்பட்டித் தொதல் ஒரு துண்டு இருந்தால் போதும்.