சம்புடம் மூடியிருக்கட்டும்

2025 அக்டோபர் 16, வியாழன். பாளையங்கோட்டை

இன்று அம்மா முறுக்கு சுற்றினாள். நான் மகனை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, போன் டார்ச்சை வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். கீழ்வரிசையில் கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், ஈறைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. ஆறு வயதுக் கடைவாய்ப்பல். எந்தப் பால்பல்லும் விழாமலே பின்னால் வந்து நிற்பதால், "இதுவும் பால்பல்தான், விழுந்து முளைக்கும்" என்று நிறைய வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். இது போனால் இன்னொன்று முளைக்காது. மேல்பரப்பெல்லாம் பள்ளம். முறுக்குத் துகள் போய் உட்கார்ந்தால் நாக்கால் எடுக்க வராது.

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு அவனுக்கு இரண்டு பால்பல்லில் சொத்தை வலி கிளம்பியது. டாக்டர் நாற்காலியில் என் கையில் நகம் பதியப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகையை மறக்க முடியாமல்தான் இந்த வருஷம் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

மதுரையிலிருந்து அக்காவும் பிள்ளைகளும் வந்தாச்சு. சம்புடம் எல்லாம் நிறைந்திருக்கிறது. வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்: பலகாரம் சாப்பாட்டோடு, இல்லையென்றால் சாயங்காலக் காபியோடு. நடுவில் சம்புடம் மூடியிருக்கட்டும்.

அக்காவுக்குக் கோபம். "பண்டிகை நாளும் அதுவுமா பிள்ளைகள ஏங்க விடாதட்டி."

ஏங்க விடவில்லை அக்கா. ஒரே உட்காரலில் நாலு அதிரசம் தின்னட்டும். அந்த நாலையே மணிக்கொன்றாகத் தின்றால்தான் பல்லுக்குக் கேடு. இனிப்பு பட்ட சில நிமிஷத்தில் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு பிஹெச்; அது 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்தோடான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் ஊறி அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த துண்டு விழுந்தால் எச்சில் பாவம் என்ன செய்யும்?

"முறுக்குல இனிப்பே கிடையாதே?"

அரிசி மாவுதானே. பல்லிடுக்கில் ஒட்டிக் கிடந்தால் எச்சிலே அதைச் சர்க்கரையாக உடைத்துவிடும். அக்கா பதில் சொல்லவில்லை. போய் மூடியை அழுத்தி மூடினாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடியற்காலை 4 மணிக்கு எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி. லேகியம் வெல்லமும் இஞ்சியுமாகப் பல்லில் பசைபோல அப்பிக்கொள்ளும். எல்லோரையும் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன். போன வீட்டிலெல்லாம் தட்டு நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. அவன் வாங்கி வாங்கி என் கையில் கொடுத்தான், பொட்டலமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு, எரிந்த மத்தாப்புக் கம்பிகளைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டுத் திரும்பினால், திண்ணையில் சாய்ந்து தூங்கிவிட்டான். விரலெல்லாம் வெடிமருந்து வாசம், கன்னத்துக்குள் பாதி ஜாங்கிரி. "தூங்குத பிள்ளைய எழுப்பாத" என்றாள் ஆச்சி. எழுப்பினேன். தூக்கத்தில் எச்சில் ஊறுவது ரொம்பக் குறைந்துவிடும். அந்த ஜாங்கிரி விடியவிடிய அங்கேயே ஊறிக்கிடக்கும். கையைக் கழுவிவிட்டு மடியில் சாய்த்து, பட்டாணி அளவு பேஸ்ட்டில் நானே தேய்த்தேன். புதுப்பல் மற்றதைவிடத் தாழ்ந்து நிற்கிறது. கன்னத்துப் பக்கமிருந்து பிரஷ்ஷைக் குறுக்கே விட்டால்தான் எட்டுகிறது. பேஸ்ட்டைத் துப்பச் சொன்னேன், கொப்பளிக்க விடவில்லை. அதிலுள்ள, பல்லைக் கெட்டிப்படுத்தும் ஃபுளோரைடு கொஞ்ச நேரம் பல்லில் தங்கட்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

அக்காவுக்குப் பல்வலி. ராத்திரி முழுக்கக் கிராம்பை அடக்கி வைத்திருந்திருக்கிறாள். வலி அடங்கியது உண்மை, ஆனால் பக்கத்து ஈறு வெந்து வெளுத்துவிட்டது. சொத்தையும் அங்கேயேதான் இருக்கிறது. நாளை ஊர் போனதும் டாக்டரிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். போன் பண்ணிக் கேட்பேன்.

அக்டோபர் 23, வியாழன்

நேற்றிலிருந்து சஷ்டி விரதம். அம்மாவுக்குப் பாலும் பழமும் மட்டும். காலையில் பக்கத்தில் போனதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். வருஷாவருஷம் பார்த்திருக்கிறேன், இன்றைக்குத்தான் ஏனென்று கேட்டேன்.

"வாய் நாறுதுட்டி. கோயில்ல யார் பக்கத்துலயும் நிக்கக் கூச்சமா இருக்கு."

எனக்குத் தொண்டை அடைத்தது. பேஸ்ட் விரதத்துக்கு ஆகாது என்று வெறும் விரலால் தேய்த்து வந்திருக்கிறாள். உட்கார வைத்துச் சொன்னேன். மென்று தின்ன எதுவும் இல்லாததால் எச்சில் குறைகிறது. வாய் காய்ந்தால், நாக்கின் பின்பக்கம் படிந்திருக்கும் வெள்ளை மாவில் கிருமிகள் பெருகிக் கந்தக வாயுவை விடுகின்றன. நாற்றத்தில் பெரும்பங்கு அதுதான். அதை வழிக்க ஸ்டீல் நாக்குவழிப்பான் போதும், பேஸ்ட் இல்லாத வெறும் பிரஷ் போதும், அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் போதும். இன்னொன்றும் உண்டு. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது மூச்சிலேயே ஒரு வாடை வரும். அது நுரையீரலிலிருந்து வருவது, எத்தனை தேய்த்தாலும் போகாது, சாப்பிட்டதும் தானே போய்விடும்.

"அப்ப அது என் அழுக்கு இல்லியா?"

இல்லம்மா.

ராத்திரிப் பால் குடித்ததும் பிரஷ் எடுத்தாள். நான் கேட்கவே இல்லை.

அக்டோபர் 27, திங்கள். சூரசம்ஹாரம்

அம்மா பக்கத்து வீட்டு மதினியோடு திருச்செந்தூர் போய்விட்டு ராத்திரி வந்தாள். பையின் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டில், துணியில் சுற்றிய நாக்குவழிப்பான். கடற்கரை மணல் ஒட்டிய காலோடு வாசலில் நின்றபடியே கூட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். முந்தானை தோளில் கிடந்தது. சொல்லி முடிக்கும்வரை அவள் அதைத் தொடவில்லை.

சம்புடத்தில் ஆறு அதிரசம் மிச்சம். நாளை மத்தியானம் சாப்பாட்டோடு.