பூம்: ஓர் ஆன்ட்வெர்ப் நாட்குறிப்பு

பிப்ரவரி 22, 2025, சனி

இன்று பவுல் வான் ஒஸ்தாயனின் பிறந்த நாள். 1896-ல் பெல்ஜியத்தின் இதே ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். பிளெமிஷ் கவிதையை, அதாவது பெல்ஜியத்தில் டச்சு பேசுகிறவர்களின் கவிதையை, புரட்டிப் போட்டுவிட்டு, 32 வயதில் காசநோயில் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது என் மகள். போன வாரம் பள்ளியிலிருந்து வந்தவள் நாற்காலி, ரொட்டி, ஜன்னல் என்று ஒவ்வொன்றுக்கும் கையசைத்து டச்சில் ‘தாஹ்’ சொல்லிக்கொண்டே போனாள். வகுப்பில் ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தார்களாம். தேடிப் பார்த்தேன். பாட்டு இல்லை, கவிதை. மார்க் என்ற சின்னப் பையன் காலையில் எழுந்து வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் வணக்கம் சொல்கிறான், அவ்வளவுதான். மார்ச் 18 கவிஞரின் நினைவு நாள். அதற்குள் இதைத் தமிழில் கொண்டுவந்துவிட வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். பூச்சாடியில் சைக்கிளோடு ஒரு குட்டி மனிதர். பையன் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறான். சாடியில் பூ இருக்கிறது. பூவுக்கு டச்சில் ‘ப்ளூம்’. உடனே அடுத்த வரியில் ‘ப்ளூம்’ என்பதையே கொஞ்சம் அழுத்தி, அர்த்தமே இல்லாமல் இரண்டு முறை தட்டுகிறான். பூ என்ற சொல் வாயில் உருண்டு வெறும் ஓசையாகிவிடுகிறது.

தமிழில் இது தானாக வந்து விழுந்தது. பூ, பூம் பூம். சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை, பூம்பூம் மாட்டுக்காரர் வந்து குறுக்கே நின்றார். தமிழ் வாசகர் யாருக்கும் அவர் வராமல் இருக்க மாட்டார். வரட்டும், தலையாட்டும் மாடும் குழந்தைக்கு வேண்டப்பட்டதுதானே.

‘தாஹ்’தான் கஷ்டம். வரும்போதும் அதையே சொல்கிறார்கள், போகும்போதும் அதையே. நாற்காலியிடம் ஒரு குழந்தை ‘வணக்கம்’ என்று சொல்லாது.

பிப்ரவரி 26, புதன்

ஒஸ்தாயன் 1914 முதல் 1918 வரை இந்த ஊர் நகர மன்றத்தில் கிளார்க். பகலில் கோப்புகள், இரவில் கவிதை. 20 வயதில் முதல் தொகுப்பு ‘மியூசிக் ஹால்’ வந்துவிட்டது. 1918-ல் ‘சமிக்ஞை’. அதில் மனிதகுலம் முழுவதையும் கட்டி அணைக்கத் துடிக்கும் இளைஞர் ஒருவர் தெரிகிறார். எனக்கு அந்தத் தொகுப்பு அவ்வளவாக ஒட்டவில்லை. நல்ல மனசு தெரிகிறது, காது இன்னும் திறக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நூலகத்தில் ஒஸ்தாயனின் ‘பெசெத்தெ ஸ்டாட்’ நகல் பதிப்பு கிடைத்தது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட நகரம்’, 1921. அன்று அச்சிட்டது 540 பிரதிகள். வீட்டுக்கு வந்ததும் தரையில் விரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மேஜையில் வைத்துப் படிக்கிற புத்தகம் இல்லை இது.

முதல் உலகப் போரில், 1914 அக்டோபரில் ஜெர்மன் பீரங்கிகளுக்கு முன் ஆன்ட்வெர்ப் சரணடைந்தது. அதற்கு முன்பே ஆகஸ்டில் செப்பலின் வான்கப்பல் இரவில் வந்து குண்டு போட்டிருந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக ஹாலந்து எல்லையைத் தாண்டினார்கள். அப்போது கவிஞருக்கு 18 வயது. ஏழு வருடம் கழித்து வந்த இந்தப் புத்தகத்தில் அந்த நகரம் வாக்கியமாக வரவில்லை, சிதறிய எழுத்தாக வருகிறது. ஒரு சொல் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்துச் சொல் எறும்பு அளவு. பாட்டுத் துணுக்கும் விளம்பரமும் சினிமாவும் பிரார்த்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். துறைமுகத்தைப் பற்றிய கவிதைக்குத் தலைப்பே ‘வெற்றுத் துறைமுகம்’. அதில் சொற்களுக்கு நடுவே விட்டிருக்கும் வெள்ளை இடத்தில் கப்பல் வராத தண்ணீரைத்தான் பார்த்தேன்.

அப்புறம் அந்தப் பிரபலமான பக்கம். ‘பூம்!’ மியூசிக் ஹாலின் பெரிய முரசு ஒரு அடி. அதோடு எல்லாம் தட்டையாகக் கிடக்கிறது. முரசுதான், ஆனால் போர்க்காலப் புத்தகத்தில் அந்தச் சொல்லை இவ்வளவு பெரிதாக அச்சடித்தால் எனக்குக் குண்டும் சேர்ந்தே கேட்கிறது.

மகள் வந்து அந்த எழுத்தின் மேல் கால் வைத்து நின்றாள். “அப்பா, இது எங்க ப்ளூம் மாமாவா?” என்றாள். “அவரேதான்டா” என்றேன். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. ‘பூம்’ எழுதிய அதே கைதான் நாலைந்து வருடத்தில் ‘பூ, பூம் பூம்’ எழுதியிருக்கிறது.

இந்தப் பக்கங்களை அச்சுக்கு அமைத்து மரச்செதுக்குப் படங்களும் செய்தவர் சிற்பி ஆஸ்கர் யெஸ்பர்ஸ், கவிஞரின் நண்பர். கவிதையில் வரும் மார்க் இவருடைய மகன்.

மார்ச் 5, புதன்

புத்தகம் எழுதப்பட்டது பெர்லினில். ஏன் பெர்லின்? பெல்ஜியத்தில் அப்போது நிர்வாகமும் மேற்படிப்பும் பிரெஞ்சு மொழியின் கையில். பிளெமிஷ் உரிமைக்காகப் போராடியவர்களில் ஒரு பகுதியினர் ஆக்கிரமிப்பு காலத்தில் ஜெர்மானியரின் தயவை ஏற்றுக்கொண்டார்கள். ஒஸ்தாயனும் அந்த அணிதான். பெல்ஜியக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் கர்தினால் மெர்சியேவுக்கு எதிராகக் குரல் எழுப்பியதற்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை. போர் முடிகிற நேரத்தில் காதலி எம்மாவுடன் கிளம்பிவிட்டார். அந்த அரசியலை நான் பூசி மெழுக விரும்பவில்லை. அந்நியன் உங்கள் தாய்மொழிக்குச் சலுகை தரும்போது அதை வாங்கிக்கொள்வது தவறு என்றுதான் நினைக்கிறேன். வாங்கியவர்களின் மனக்குறையும் எனக்குப் புரிகிறது.

பெர்லினில் 1919 ஜனவரியில் இடதுசாரிகளின் ஸ்பார்டகஸ் எழுச்சி நசுக்கப்பட்டதை அங்கிருந்தே பார்த்தார். ‘அச்சமும் வலியும் கொண்ட விழாக்கள்’ கவிதைகளைப் பல வண்ண மையில் தன் கையாலேயே எழுதி வைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை அது புத்தகமாகவில்லை. துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஏக்கம் அதில் இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்கெல்டே ஆற்றங்கரையில் அவருடைய ‘மெலொபே’ கவிதையைச் சத்தமாக வாசித்தேன். நிலவு, நீண்ட ஆறு, கடலை நோக்கிப் போகும் ஒரு படகு. இந்த நாலைந்து சொற்களையே இடம் மாற்றி மாற்றி வைக்கிறார். ‘நழுவுகிறது’ என்ற வினை டச்சில் வரியின் நடுவில் வந்து இரண்டு பக்கமும் தள்ளுகிறது. தமிழில் வினை கடைசிக்குப் போய்விடுவதால் ஒவ்வொரு வரியும் கரை தட்டி நின்றுவிடுகிறது. ‘நழுவுது நிலவு’ என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன், படகு கொஞ்சம் நகர்ந்தது.

கவிதை என்பது சொற்களோடு ஆடும் விளையாட்டு, ஆனால் அதன் நங்கூரம் புலனுக்கு அப்பால் இருக்கிறது என்று ஓர் உரையில் சொன்னார். ஆற்றங்கரையில் அது எனக்கு விளக்கம் இல்லாமலே விளங்கியது.

மார்ச் 16, ஞாயிறு

ஸ்கூன்செல்ஹோஃப் கல்லறைத் தோட்டம். மகளும் வந்தாள். 1928-ல் அவர் இறந்தது தெற்கே மியாவோய் என்ற சிற்றூரின் காசநோய் சானடோரியத்தில். பிறகுதான் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கல்லறையில் காது கொடுத்துக் கேட்கும் தேவதை ஒன்று. செய்தவர் அதே யெஸ்பர்ஸ்.

கிளம்பும்போது மகள் கல்லைப் பார்த்து, “தாஹ், மாமா” என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

தாஹ் என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.

தாஹ், பூச்சாடிமேல் சைக்கிள் மாமா
சாடியிலே பூ
பூம் பூம்
தாஹ், மேஜை பக்கத்து நாற்காலி
தாஹ், மேஜைமேல் ரொட்டி

அடுத்து வரும் மீன்காரர் வரி பாக்கி.